என் பெயருக்கு மாறிய வியாதி

ஒன்பது வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. நாற்பது நாள் போல இருந்திருக்கும். அந்த நாற்பது நாளும் எனக்குக் கிடைத்த ராஜமரியாதை அதற்குப் பிறகு, என் கல்யாணத்தன்றுகூட, கிடைக்கவில்லை. அதனால் அந்த வியாதியை நான் இன்றைக்கும் கொஞ்சம் ஆசையோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

உண்மையில் வியாதி என் அத்தைக்கு. அப்பாவின் கடைசித் தங்கை. பி.எட். முடித்துவிட்டுக் குத்தாலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை வாருவது, வாய்ப்பாடு ஒப்பிக்கவைத்துக் கேட்பது, பக்கத்தில் போட்டுத் தூங்கவைப்பது எல்லாம் அவள்தான். அவள் துப்பட்டாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அம்மாவுக்கு வயலும் மாடும் அடுப்பும் போக மிச்சமிருந்த நேரத்தில் என்னைத் திட்டத்தான் முடியும்.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை அத்தைக்குத் தூக்கத்திலேயே கைகால் வெட்டி இழுத்திருக்கிறது. அம்மா ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் கையில் திணித்தாளாம். பக்கத்திலேயே படுத்திருந்த நான் புரண்டுகூடப் படுக்கவில்லை. பத்து நாள் கழித்து இன்னொரு தடவை வந்தது. அப்பா அவளைக் கும்பகோணத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். தூக்கத்தில் வருவதைத் தூக்கத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அவர் தஞ்சாவூருக்கு எழுதிக்கொடுத்தார். ஆள் தூங்கும்போது மூளையில் ஓடும் மின்சாரத்தைக் கோடு கோடாக எடுக்கிற பரிசோதனை. அதற்கு இரண்டு நிபந்தனை. முதல் நாளே தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய்கூட வைக்கக்கூடாது. முந்தின இரவு தூங்கவும் கூடாது. அப்போதுதான் அங்கே போய்ப் படுத்ததும் கண் அயரும்.

அத்தைக்குச் சித்திரையில் நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. வலிப்பு என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அந்தக் கல்யாணம் அதோடு சரி. ஆகவே விஷயம் அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரோடு நின்றது. வீட்டில் நான்காவது ஆள் நான். எனக்குத் தெரியாது.

எங்கள் ஊரில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் "எங்க பயணம்?" என்று கேட்காமல் விடுவது மரியாதைக் குறைவு. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனால் அது பகை. தஞ்சாவூர் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா கடையில் ஷாம்பு பாக்கெட் வாங்கும்போது எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து சேர்ந்தார். கூட நானும் மிட்டாய்க்காக நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, ஷாம்பெல்லாம் பலமா இருக்கு? எங்கயாவது கெளம்பறீங்களா?"

"தஞ்சாவூருக்கு அண்ணி. டாக்டரைப் பாக்க."

"அடடா, யாருக்கு?"

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் நான்தான் இருந்தேன்.

"பாப்பாவுக்கு" என்றார்.

அப்பா பொய் சொல்லிப் பழகாதவர். பழக்கமில்லாதவர்களின் பொய் லேசில் நிற்காது. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார்கள். பாப்பா தூக்கத்தில் கைகாலை உதறுகிறாள், மூளையில் ஓடும் கரண்டை எடுத்துப் பார்க்கப் போகிறோம், இன்றைக்கு ராத்திரி அவளைத் தூங்கவிடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை எல்லாம் அப்படியே என் பெயருக்கு மாற்றிக் கொட்டிவிட்டார். வாயில் மிட்டாயோடு நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். எனக்கு இவ்வளவு பெரிய சமாசாரம் இருப்பது அதுவரை எனக்கே தெரியாமல் போய்விட்டதே என்றிருந்தது.

எதிர்வீட்டுப் பெரியம்மா தங்கமான மனுஷி. அடுத்த வீட்டுக் கஷ்டத்தைத் தன் வீட்டுக் கஷ்டமாகவே நினைப்பார். ஒரே வித்தியாசம், தன் வீட்டுக் கஷ்டத்தை ஊரில் சொல்லமாட்டார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுவதற்குள் ஒரு முறம் உளுந்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். உளுந்து எடுத்து வீட்டுக்கு வந்திருந்த சமயம் அது. "பச்சைப் புள்ளைய எப்படி முழிக்க வைப்பீங்க? கல்லு பொறுக்கச் சொல்லுவோம். தூக்கமும் வராது, வேலைக்கு வேலையும் ஆச்சு" என்றார்.

நான் கல் பொறுக்கினேன். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பொறுக்கினாள். அவளுக்கு அதுதான் தேவை. ஆனால் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"நீ ஏம்மா முழிக்கிறே? கல்யாணப் பொண்ணு. கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்துடும். போய்ப் படு."

"பரவால்லைங்க அண்ணி, எனக்குத் தூக்கம் வரல."

"படுத்தா வரும். போம்மா."

வேறு வழியில்லாமல் அத்தை போய்ப் படுத்தாள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்தவள், படுத்தால் வராதா? அவளை எழுப்புவதற்காக அப்பா அந்தப் பக்கமாகப் போய் இருமினார். இரண்டு தடவை சொம்பைக் கீழே போட்டார். அம்மா எதையோ தேடுகிறவள்போல லைட்டைப் போட்டாள். "என்ன தம்பி, பொண்ணு தூங்குறால்ல? மெதுவா நடங்க" என்று பெரியம்மாதான் எழுந்துபோய் லைட்டை அணைத்துவிட்டு வந்தார். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்த பரிதாபத்தை மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷத்தில்கூடப் பார்த்ததில்லை. எனக்காகத்தான் இவ்வளவு கவலைப்படுகிறார் என்று நினைத்து, அவர் மேல் எனக்குப் பாசம் பொங்கியது.

விடியும்வரை நான் கண் மூடவில்லை. காலையில் கிளம்பும்போது பெரியம்மா அத்தையின் தலையைப் பார்த்துவிட்டார். "நீயும் ஷாம்பு போட்டியா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா கல்யாணப் பொண்ணு பரட்டைத் தலையோடயா ஊருக்குப் போறது?" என்று ஓடிப்போய்த் தன் வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்துவந்தார். அத்தை வேண்டாம் என்றாள், அம்மா பஸ் போய்விடும் என்றாள். எதுவும் செல்லவில்லை. உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்து, வழித்துச் சீவிப் பின்னி, பூவும் வைத்துத்தான் அனுப்பினார்.

தஞ்சாவூரில் அந்தப் பரிசோதனை அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெட்டியிலிருந்து தொங்கும் கலர் கலரான வயர்கள். அதைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு அத்தையைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். யாரும் சொல்வதற்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன். அக்கா கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேஷண்ட் யாருங்க?"

அப்பா அத்தையைக் காட்டினார்.

அக்கா அத்தையின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்தார். "எண்ணெய் வச்சிருக்கீங்களே! இதுல வயர் எப்படி ஒட்டும்? சரி, ராத்திரி தூங்கினீங்களா?"

"தூங்கிட்டேங்க" என்றாள் அத்தை, தப்புச் செய்த பிள்ளைபோல.

"எவ்வளவு நேரம்?"

"நல்லாவே தூங்கிட்டேன்."

"இந்தப் பாப்பா ஏன் இப்படிச் சொக்குது?"

"அவதாங்க முழிச்சிருந்தா."

அக்கா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வேலையில் அவர் எத்தனையோ குடும்பங்களைப் பார்த்திருப்பார். நோயாளியைப் பூ வைத்துத் தூங்கவைத்துவிட்டுத் துணைக்கு வந்தவளை இரவெல்லாம் கல் பொறுக்க வைத்த குடும்பத்தைப் பார்த்திருக்கமாட்டார்.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பரிசோதனை எனக்கில்லை. கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் போய் என்ன சொல்வது? என் கனவை எல்லாம் சினிமா மாதிரி டிவியில் காட்டப்போகிறார்கள் என்று முந்தின நாளே தெருப்பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது. அத்தை என்னை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப்போய் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லாதது எனக்குத்தான்டி. ஆனா ஊர்ல உனக்குன்னே இருக்கட்டும். நம்ம ரெண்டு பேருக்குள்ள. யாருகிட்டயும் சொல்லமாட்டேல்ல?"

"எனக்குன்னே சொல்லவா?"

"ஆமா. உனக்குன்னே சொல்லு."

நான் ஒரு நிபந்தனை போட்டேன். வயரை ஒட்டுகிற பசையை என் தலையிலும் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஊரில் நம்பமாட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அப்பா கடைத்தெருவுக்கு ஓடி நான்கு ஷாம்பு பாக்கெட் வாங்கிவந்தார். ஆஸ்பத்திரிக் குளியலறையில் அத்தை இரண்டு தடவை தலைக்கு ஊற்றி, மாடிப்படிப் பக்கம் வெயிலில் முடியை உலர்த்தினாள். "உங்களைக் கடைசியா வச்சுக்கிறேன். வயிறு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டு வாங்க. காபி மட்டும் குடிச்சிடாதீங்க" என்றிருந்தார் அக்கா.

மத்தியானம் அத்தையைப் படுக்கவைத்தார். டேப் வைத்து மூக்குத்தண்டிலிருந்து பிடரிவரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காதுவரைக்கும் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியிலும் முடியை விலக்கித் தோலைத் தேய்த்து, பசை வைத்து, வயரின் முனையிலிருந்த சின்னக் கிண்ணத்தை அழுத்தினார். இருபதுக்கும் மேலே வயர்கள். வாக்குத் தவறாமல் என் உச்சியிலும் ஒரு உருண்டைப் பசை வைத்தார்.

கம்ப்யூட்டரில் கோடுகள் ஓட ஆரம்பித்தன. அத்தை கண் சிமிட்டினால் முன்நெற்றிக் கோடுகள் துள்ளின. பல்லைக் கடித்தால் எல்லாம் கருப்பாகக் கிறுக்கின. கண்ணை மூடச் சொன்னதும் பின்தலைக் கோடுகளில் ஒழுங்கான நெளிவு வந்தது. திறந்ததும் அது காணாமல் போனது.

"இதுல கனவு தெரியுமாக்கா?"

"தெரியாது பாப்பா. தூங்குறாங்களா, எவ்வளவு அசந்து தூங்குறாங்க, அதுதான் தெரியும். வாய்க்கால்ல தண்ணி சின்னச் சின்னதா வேகமா ஓடும் பாத்திருக்கியா? முழிச்சிருக்கிறப்ப அப்படி. ஆத்துல வெள்ளம் வந்தா பெரிசு பெரிசா மெதுவா அசையும்ல? அசந்து தூங்குறப்ப அப்படி. நடுவுல திடீர்னு கூரா ஏதாவது குத்திக்கிட்டு எழும்புதான்னு பாக்கணும். அதுக்குத்தான் தூங்கச் சொல்றது."

ஆனால் அத்தைக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடி மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தாள். கோடுகள் அவளைக் காட்டிக்கொடுத்தன. "தூங்கலைங்க நீங்க. கவலைப்பட்டுக்கிட்டுப் படுத்திருக்கீங்க" என்றார் அக்கா. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். இன்றைக்கு விட்டால் மறுபடி ஒரு நாள், மறுபடி ஒரு இரவு, மறுபடி எதிர்வீட்டுப் பெரியம்மா. அதற்குள் நிச்சயமும் நெருங்கிவிடும்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தேன். அக்கா என்ன நினைத்தாரோ, ஒரு பெஞ்சை இழுத்துவந்து கட்டிலை ஒட்டிப் போட்டு என்னைப் படுக்கவைத்தார். நான் வழக்கம்போல அத்தையின் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டேன். அத்தையின் கை வழக்கம்போல என்னைத் தட்டிக்கொடுக்க வந்தது. "கையை ஆட்டாதீங்க, கோடு கெடும். சும்மா அவ மேல வச்சுக்கங்க" என்று அக்கா சொன்னதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம். நான் தூங்கிய ஐந்தாவது நிமிஷம் அத்தையும் தூங்கிவிட்டாளாம்.

விழித்தபோது அத்தை முடியெல்லாம் பசையாக எழுந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா வயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்துச்சாக்கா?"

"நல்லா வந்திருக்கு பாப்பா" என்றார். ஆனால் அத்தையின் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமலேயே நின்றார். அடுத்த வாரம் கும்பகோணத்து டாக்டர் அந்தக் கோடுகளைப் பார்த்து, வலிப்புதான், மாத்திரையை ஒரு வேளை விடாமல் சாப்பிட்டால் வேலை, கல்யாணம், குழந்தை எதற்கும் தடையில்லை என்று சொன்னாராம். மாப்பிள்ளை வீட்டில் மறைக்காதீர்கள் என்றும் சொன்னாராம். அப்பாவுக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

நான் வாக்கைக் காப்பாற்றினேன். அளவுக்கு மீறியே காப்பாற்றினேன். உச்சந்தலைப் பசையைக் கழுவவிடாமல் மறுநாள் தெருவில் எல்லோருக்கும் காட்டினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் படுத்து, வயர் வைத்த இடங்களைத் தொட்டுக் காட்டினேன். ஒரு வயரைப் பிடுங்கினால் ஆஸ்பத்திரி முழுக்க லைட் அணைந்துவிடும் என்றேன். டீச்சர் என்னைப் பிரேயரில் வெயிலில் நிற்கவேண்டாம் என்று நிழலுக்கு அனுப்பினார். வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் யாரும் அடிக்கவில்லை. நான் ஆண்டேன்.

அது மெல்ல மெல்ல வேறு பக்கம் திரும்பியதை நான் கவனிக்கவில்லை. வாய்க்காலில் குளிக்கக் கூப்பிடுகிறவர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கூட உட்கார்ந்தவள் தன் தட்டில் என்னைக் கைவைக்கவிடவில்லை. பெரியம்மா ஒருநாள் அம்மாவிடம் மிகுந்த கரிசனத்தோடு சொன்னார்: "பொம்பளப் புள்ளையாச்சே. தலைச்சுழி இப்படி ஆயிடுச்சே. நாளைக்கு யாரு வந்து கட்டுவா?" உள்ளே நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த அத்தை பேனாவை மூடிவைத்ததைப் பார்த்தேன். ஒன்பது வயதில் எனக்கு மாப்பிள்ளை பேச்சு வந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று எனக்குப் பட்டுப்பாவாடை. பூவும் மஞ்சளும் குங்குமமும் வைத்த தட்டை நான்தான் எடுத்துப்போவேன் என்று முன்பே சண்டை போட்டு வாங்கிவைத்திருந்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"இந்தப் பொண்ணுக்குத்தானே தஞ்சாவூர்ல மூளைக்குப் பாத்தீங்க? பாவம். தட்டை வேற யாருகிட்டயாவது குடுங்களேன். நல்ல காரியம் பாருங்க." என் கையிலிருந்து தட்டை அவர்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். "குடும்பத்துல வேற யாருக்கும் இல்லையே?"

"இல்லைங்க" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. "இவளுக்கு மட்டும்தாங்க."

அத்தை எழுந்து நின்றாள். பட்டுப்புடவை சரசரத்தது. நடுக்கூடத்தில், அத்தனை பேர் நடுவில், வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள்:

"அவளுக்கு ஒண்ணுமில்லைங்க. எனக்குத்தான். தூக்கத்துல ரெண்டு தடவை வந்துச்சு. மாத்திரை சாப்பிடறேன். அவ சும்மா என் கூடத் துணைக்கு வந்தா. தட்டை அவகிட்டயே குடுத்துடுங்க."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாற்பது நாள் கட்டிக்காத்த ரகசியத்தை அவளே உடைத்துவிட்டாளே.

"பொய்! எனக்குத்தான்! என் தலையிலதான் வச்சாங்க! அத்தைக்கு ஒண்ணுமே இல்ல!" என்று கத்தினேன்.

அத்தை என்னை இழுத்து அணைத்து வாயைப் பொத்தினாள். மாப்பிள்ளை வீட்டார் காபியைக் குடித்துவிட்டு மரியாதையாகவே எழுந்துபோனார்கள். மறுநாள் ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று போன் வந்தது. ஆறு வருஷம் கழித்து, எல்லாம் தெரிந்த ஒருவரைத்தான் அத்தை கட்டிக்கொண்டாள். இப்போது திருப்பனந்தாளில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். மாத்திரை இன்றும் தவறுவதில்லை. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் என் தலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு மத்தியானம் அப்பா வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஐம்பது பேருக்குச் செய்த கேசரி அண்டாவிலேயே கிடக்க, நான் மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"எனக்குன்னு சொல்லச் சொல்லிட்டு நீயே எடுத்துக்கிட்டே" என்றேன்.

"ஆமாண்டி. எடுத்துக்கிட்டேன். இனிமே உனக்குக் கிடையாது" என்றாள்.

அவள் கண் கலங்கியிருந்தது. செய்தது தப்பென்று அவளுக்கே தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.